பசங்களுக்கான புரோகிராம் உண்மையிலேயே வேல செய்யுதா? தொண்டூழியர்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

சிங்கப்பூர்ல இளையர் குற்றத் தடுப்பு புரோகிராம்கள ஆய்வு பண்றதுதான் என் வேல, வார இறுதியில தொண்டூழியராவும் பசங்களோட இருக்கேன். தேக்காவுல டீ குடிக்கிறப்போ, சமூக மன்ற மீட்டிங் முடிஞ்சு லிஃப்டுக்கு நிக்கிறப்போ, வாட்ஸ்அப்ல ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லா எடத்துலயும் அதே சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வருது. கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே கீழ போட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்கள்ல முன்னாடி சொன்னத திரும்ப விளக்கல.

அக்கா, ஈவாலுவேஷன்னா என்ன? வருஷக் கடைசில எழுதுற ரிப்போர்ட் தானே?

இல்ல. ரிப்போர்ட்ல எத்தன செஷன் நடந்துச்சு, எத்தன பேர் வந்தாங்க, எவ்ளோ செலவாச்சுன்னு இருக்கும், அது கணக்கு வழக்கு, அதுவும் வேணும். மதிப்பீடு கேக்குற கேள்வி வேற. இந்தப் பையன் நம்மகிட்ட வந்ததால அவனுக்கு எதாவது மாறுச்சா, வராமலே இருந்திருந்தா அவன் இன்னிக்கு எப்படி இருந்திருப்பான், இது ரெண்டும்தான் கேள்வி.

ரெண்டாவது பாதியிலதான் எல்லாக் கஷ்டமும். ஒரே பையன் வந்தவனாவும் வராதவனாவும் ஒரே நேரத்துல இருக்க முடியாது, அதனால அவன மாதிரியே இருக்கிற ஆனா நம்மகிட்ட வராத இன்னொரு பையன தேட வேண்டியிருக்கு. ஆய்வு முறைன்னு புத்தகம் புத்தகமா எழுதி வெச்சிருக்கிறதுல பாதிக்கு மேல அந்த இன்னொரு பையன எப்படி நேர்மையா கண்டுபிடிக்கிறதுங்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்லுது.

எங்ககிட்ட வந்த பசங்கள்ல முக்காவாசிப் பேர் அப்புறம் எந்த வம்புக்கும் போகல. இது சக்ஸஸ் இல்லையா?

சந்தோஷமான விஷயம்தான், ஆனா உங்களாலதான் அப்படி ஆச்சான்னு அந்தக் கணக்கு சொல்லாது. பதினஞ்சு பதினாறு வயசுல கடையில திருடுறது, கூட்டமா போய் சண்ட போடுறதுன்னு இருந்த பசங்கள்ல பெரும்பாலானவங்க இருபது தாண்டுனதும் தானா விட்டுடுறாங்க, எந்த நாட்டு டேட்டாவ எடுத்தாலும் வயசோட குற்றம் இப்படி ஏறி இறங்குறது தெரியும். ஐடிஇ தொழிற்கல்வி, என்எஸ்ங்கிற தேசிய சேவை, ஒரு வேல, ஒரு காதல், எதோ ஒண்ணு பையன நிதானத்துக்குக் கொண்டு வந்துடுது. நீங்க அந்த நேரத்துல கூட இருந்தீங்க, அவ்ளோதான் நமக்கு உறுதியா தெரியும்.

இன்னொண்ணும் இருக்கு. அம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்த பையனுக்கு ஏற்கனவே அப்படி ஒரு அம்மா இருக்காங்க. இங்க போலீஸ் பரிந்துரைக்கிற கைடன்ஸ் புரோகிராம் 1997லேருந்து நடக்குது, முதல் தடவையா சின்னத் தப்பு பண்ண பசங்க ஆறு மாசம் கவுன்சலிங் முடிச்சா கோர்ட்டுக்குப் போகாம கடும் எச்சரிக்கையோட முடிஞ்சுடும். அந்தப் பசங்களையும் கோர்ட் உத்தரவுல பாய்ஸ் ஹோம்ங்கிற சீர்திருத்த இல்லத்துக்குப் போன பசங்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பாருங்க கைடன்ஸ்தான் நல்லா வேல செய்யுதுன்னு சொன்னா அது தப்பு, ஏன்னா ஆரம்பத்துலயே ரெண்டு பேரும் வேற வேற ரிஸ்க்ல இருந்தவங்க. யார் உள்ள வந்தாங்கங்கிறதே பாதி ரிசல்ட்ட முடிவு பண்ணிடுது.

பசங்களுக்கு நல்லதுதானே பண்றோம்? அதப் போய் அளந்து பாக்கணுமா? கெட்டதா ஆயிடப் போகுது?

ஆயிருக்கு. நான் இந்த வேலையில இருக்கிறதுக்குக் காரணமே இந்தப் பதில்தான், கொஞ்சம் பொறுமையா படிங்க.

அமெரிக்காவுல பாஸ்டனுக்குப் பக்கத்துல கேம்பிரிட்ஜ், சோமர்வில்னு ரெண்டு ஊர். ஹார்வர்டுல டாக்டரா இருந்த ரிச்சர்ட் காபட் திட்டம் போட்டு 1939ல ஒரு புரோகிராம் ஆரம்பிச்சாங்க. 506 பசங்க, சராசரியா பத்து வயசு. வயசு, குடும்பம், குணம் எல்லாம் பாத்து ஜோடி ஜோடியா சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலயும் காசு சுண்டிப் பாத்து ஒருத்தன உள்ள எடுத்தாங்க, இன்னொருத்தன அப்படியே விட்டாங்க. உள்ள வந்த பையனுக்கு ஒரு கவுன்சலர், மாசத்துக்கு ரெண்டு தடவ போல வீட்டுக்கு வருவாரு, துணைப்பாடம், மருத்துவ உதவி, லீவுல கேம்ப். சராசரியா அஞ்சு வருஷம். நம்ம ஆளுங்க எல்லாரும் கனவு காணுற புரோகிராம் அது.

முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்னு ஒரு ஆய்வாளர் அந்தப் பசங்கள, அப்போ அவங்க நடு வயசு ஆம்பளைங்க, ஒருத்தர் ஒருத்தரா தேடிப் புடிச்சாங்க. 1978ல வெளியிட்டாங்க. உதவி கிடைச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் அந்த புரோகிராம் எனக்கு நல்லது பண்ணுச்சுன்னு சொன்னாங்க. ஆனா ஜோடியில இருந்த இன்னொருத்தரோட ஒப்பிட்டுப் பாத்தா திரும்பவும் குற்றம் பண்ணது, குடிக்கு அடிமையானது, தீவிர மனநோய், இளம் வயசுலயே செத்தது, இதுலெல்லாம் உதவி கிடைச்சவங்க நிலைமதான் மோசமா இருந்துச்சு. அந்த இன்னொரு பையன் இல்லாம இருந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் அது ஒரு வெற்றிக் கதையா எல்லா எடத்துலயும் காப்பி அடிக்கப்பட்டிருக்கும். இதப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

சரி, ஒரு தடவ ஜெயில உள்ள கூட்டிட்டுப் போய் காமிச்சா பயந்து திருந்திடுவான்ல?

இது அப்பாமார் கேக்குற கேள்வி, அந்தத் தவிப்பு எனக்குப் புரியுது. ஆனா இதுக்கு பதில் ரொம்பத் தெளிவாவே இருக்கு, வேண்டாம். 1970கள்ல நியூ ஜெர்சியில ராவே சிறைச்சாலையில ஆயுள் கைதிங்க பசங்கள எதிர்ல உக்கார வெச்சு கத்தி மிரட்டுற புரோகிராம் நடந்துச்சு, ஸ்கேர்ட் ஸ்ட்ரெய்ட்னு பேரு. டிவில வந்ததும் நாடு முழுக்கப் பரவிடுச்சு. ஜேம்ஸ் ஃபின்கனவர்ங்கிற ஆய்வாளர் ஃபாலோ பண்ணிப் பாத்தப்போ, ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த பசங்கள்ல சுமார் 41% பேர் ஆறு மாசத்துல திரும்பத் தப்பு பண்ணியிருந்தாங்க, போகாத பசங்கள்ல சுமார் 11%தான். அப்புறம் இந்த மாதிரி நடந்த ஒன்பது சோதனைகள, கிட்டத்தட்ட ஆயிரம் பசங்க, ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. ஒண்ணுமே பண்ணாம விட்டிருந்தாக்கூட பசங்க நல்லா இருந்திருப்பாங்கன்னுதான் வந்துச்சு.

ஒண்ண மட்டும் பிரிச்சுப் பாக்கணும். உள்ள இருந்துட்டு வந்த ஒரு அண்ணன் வாரா வாரம் பையனோட உக்காந்து பேசுறது, வேல தேடக் கூடப் போறது, அது வேற விஷயம், மேல சொன்ன ஆய்வுகள் அதப் பத்தி எதுவும் சொல்லல.

நல்ல எண்ணத்தோட பண்ண ஒரு புரோகிராம் எப்படி கெடுக்கும்? எனக்கு இது நம்ப முடியல.

முதல் கேஸுல, அதான் 1939 புரோகிராம்ல, மெக்கார்டும் மத்தவங்களும் திரும்ப டேட்டாவத் தோண்டுனப்போ, கோடைக் கேம்புக்கு ஒரு தடவைக்கு மேல போன பசங்ககிட்டதான் பாதிப்பு அதிகமா இருந்துச்சு. தப்பு பண்ணத பெருமையா சொல்றதுக்கு ஒரு கூட்டம் கிடைச்சுடுது, ஒருத்தன் சொல்ல இன்னொருத்தன் சிரிக்க, அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பரிசு. பெரியவங்க அந்தப் பக்கம் பாக்குறப்போ எல்லாம் வேற ஒரு புரோகிராம் ஓடிட்டிருக்கும்.

நம்ம வாய்ட் டெக்லயும், அதான் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த எடத்துலயும், இத யோசிக்கணும். வேற வேற புளோக்ல தனித்தனியா சுத்திட்டிருந்த பத்து பசங்கள ஒரே ஃபுட்பால் டீமா சேர்த்துட்டு, வெளையாட்டு முடிஞ்சதும் கோச் கெளம்பிட்டா, ராத்திரி ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அந்தப் பத்து பேரும் எங்க இருக்காங்க? கலந்து சேருங்க, எந்தப் பிரச்சினையும் இல்லாத பசங்களும் டீம்ல இருக்கட்டும், முடிஞ்ச அப்புறமும் ஒரு பெரியவர் இருக்கட்டும். மதிப்பீட்டுலயும் அந்த வெளிநேரத்தப் பத்திக் கேளுங்க, செஷன் நேரத்த மட்டும் கேக்காதீங்க.

நாங்க ஆரம்பிச்சப்போ எங்க ஏரியாவுல ஏகப்பட்ட கேஸ், இப்போ ரொம்பக் கொறஞ்சிருக்கு. முன்னாடி பின்னாடி கணக்கு போதாதா?

பெரும்பாலும் போதாது. நம்ம எப்போ புரோகிராம் ஆரம்பிக்கிறோம்? நெலம ரொம்ப மோசமா போனப்போ. ரொம்ப மோசமா போனது அடுத்த வருஷம் தானாவே கொஞ்சம் எறங்கும். 1955ல கனெக்டிகட் மாநிலத்துல சாலை விபத்துல 324 பேர் செத்தாங்க, ஆளுநர் வேகமா ஓட்டுறவங்க மேல கடும் நடவடிக்க எடுத்தாரு, அடுத்த வருஷம் 284. பெரிய வெற்றின்னு அறிவிச்சாங்க. டொனால்ட் காம்ப்பெல், ராஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதுக்கு முன்னயும் பின்னயும் பல வருஷக் கணக்க வரைஞ்சு பாத்தாங்க, பக்கத்து மாநிலங்களோட சேர்த்து. கோடு எப்பவுமே மேலயும் கீழயும் ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, 1955 அதுல ஒரு உச்சம், கொறஞ்சதுல பெரும்பங்கு அந்த ஆட்டம்தான்.

இங்க இன்னும் சில பொறி இருக்கு. ஜூன் லீவையும் ஆகஸ்ட்டையும் ஒப்பிடக்கூடாது, லீவுல பசங்க நாள் பூரா வெளிய. 2020 ஏப்ரல் 7லேருந்து ஜூன் 1 வரைக்கும் கோவிட் சர்க்யூட் பிரேக்கர், எல்லாரும் வீட்டுக்குள்ள, அந்த வருஷத்த ஒப்பிடுற ஆரம்பப் புள்ளியா வெச்சா எந்த புரோகிராமும் தோத்த மாதிரி தெரியும். அப்புறம் சட்டம் மாறும். கேபாட்ங்கிற போதை வேப்ல கலக்குற எட்டோமிடேட்ட 2025 செப்டம்பர் 1லேருந்து சி வகுப்பு போதைப்பொருளா சேத்தாங்க, அதுக்கு முன்னாடி இருந்த எண்ணிக்கையும் அப்புறம் இருக்கிற எண்ணிக்கையும் ஒரே விஷயத்த எண்ணல. ஒரே ஒரு முன், ஒரே ஒரு பின்னுன்னு இல்லாம மாசா மாசம் பல வருஷக் கோடு இருந்தாத்தான் எதாவது பேச முடியும்.

அப்போ அந்த 'இன்னொரு பையன' எங்கேருந்து கொண்டு வரது?

நம்ம அளவுல ரொம்ப ஈஸியான வழி வெயிட்டிங் லிஸ்ட். 60 பேர் பேர் குடுத்திருக்காங்க, இப்போ 30 பேருக்குத்தான் எடம், மத்த 30 பேர் அடுத்த அரையாண்டு. அந்த ஆறு மாசம் ரெண்டு குழுவையும் ஒரே மாதிரி கேள்வி கேட்டுப் பாக்கலாம், ரெண்டு பேருமே தானா தேடி வந்தவங்க, அதனால மேல சொன்ன அம்மா பிரச்சின இதுல இல்ல. யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்ங்கிறத குலுக்கல்ல எடுத்தா இன்னும் உத்தமம். 'ரொம்ப தேவைப்படுறவனுக்கு முதல்ல'ன்னு கோச் கைகாட்டுனா ரெண்டு குழுவும் அந்த நிமிஷமே வேற வேறயாயிடும்.

அது முடியாதுன்னா பக்கத்து வட்டாரத்துல அதே வயசு, அதே மாதிரி பள்ளி வருகை, அதே மாதிரி முன்கதை உள்ள பசங்கள ஜோடி சேர்க்கலாம். இது ரெண்டாந்தரம், ஏன்னா தெரிஞ்ச விஷயத்துலதான் ஜோடி சேர்க்க முடியும், மனசுக்குள்ள திருந்தணும்னு எவ்ளோ இருந்துச்சுங்கிறத எந்த ஃபார்மும் காட்டாது.

குலுக்கல் போட்டு பாதிப் பசங்களுக்கு இல்லன்னு சொல்றது பாவம் இல்லையா?

இந்த ஊர்ல பிடிஓன்னு அரசாங்கம் கட்டுற புது வீட்டுக்கு பேலட், அதாவது குலுக்கல், பிரைமரி ஒன்னுல எடம் பத்தலன்னா பேலட், எல்லாரும் ஒத்துக்கிறோம், ஏன்னா எடம் கம்மியா இருக்கிறப்போ அதுதான் நியாயமான வழின்னு நமக்குத் தெரியும். பசங்க புரோகிராமுலயும் எடம் எப்பவும் கம்மிதான். இப்போ அந்த எடம் யாருக்குப் போகுது? யாரோட அம்மா முதல்ல மெசேஜ் போட்டாங்களோ, யார கோச்சுக்குத் தெரியுமோ அவங்களுக்கு. சிகாகோவுல 2012ல கோடை வேல புரோகிராமுக்கு 1,634 இளையர்கள குலுக்கல்லதான் பிரிச்சாங்க, வெறும் எட்டு வாரம் வேல, ஆனா அடுத்த பதினாறு மாசத்துல வன்முறைக் குற்றத்துக்காக கைதானது 43% கொறஞ்சது தெரிஞ்சுச்சு. குலுக்கல் இல்லாம இருந்திருந்தா 'வேலைக்கு வர்ற பையன் எப்படியும் நல்ல பையன்தான்'னு ஒரே வார்த்தையில தள்ளிவிட்டிருப்பாங்க.

ஒரு எல்லை இருக்கு. ஒரு பையன் வீட்டுல அடி வாங்குறான், தற்கொல பத்திப் பேசுறான்னா அவன குலுக்கல்லயே போடக்கூடாது, நேரா உதவிக்கு அனுப்பணும். அத முன்கூட்டியே எழுதி வெச்சுக்கணும், அப்புறம் யோசிக்கலாம்னு விடக்கூடாது.

திரும்பக் குற்றம் பண்ணாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்? போலீஸ் ரெக்கார்ட் குடுக்க மாட்டாங்களே.

சின்னக் குழுவுக்குக் கெடைக்காது, சரிதான். ஆனா அதுக்கு முன்னாடி 'திரும்பக் குற்றம்'னா என்னன்னு முடிவு பண்ணுங்க. புடிபட்டதா, குற்றம் சாட்டப்பட்டதா, தண்டனையா, ஜெயிலா? ஒரு வருஷத்துலயா, ரெண்டு வருஷத்துலயா? சிங்கப்பூர் சிறைத்துறை சொல்ற எண்ணிக்கை வெளிய வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்ப உள்ள வந்தவங்களோடது. 1998ல வெளிய வந்தவங்கள்ல அது 44.4%, சமீப வருஷங்கள்ல 20%ஐ ஒட்டி இருக்கு. பெரிய இறக்கம், அதுல பலரோட உழைப்பு இருக்கு. ஆனா வெளிய வந்தவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பு குடுக்கச் சொல்ற மஞ்சள் நாடாத் திட்டம் 2004ல வந்துச்சு, அவங்களுக்கு உதவுற அமைப்புகள ஒண்ணு சேக்குற கேர் நெட்வொர்க் 2000ல, நடுவுல சட்டம், வேல நிலவரம் எல்லாம் மாறியிருக்கு, அதனால அந்த இறக்கத்த எதோ ஒரு திட்டத்தோட கணக்குல மட்டும் எழுத முடியாது. ரெண்டு வருஷத்துக்கு பதிலா அஞ்சு வருஷம் பாத்தா சதவீதம் கூடத்தான் செய்யும், இன்னொரு நாட்டோட எண்ணிக்கைய பக்கத்துல வெக்கிறப்போ மொதல்ல இத கேளுங்க.

நமக்கு கைக்கு எட்டுறது பள்ளி வருகை, சஸ்பென்ஷன், வேலையில நிலைச்சு இருக்கானா, ராத்திரி எத்தன மணிக்கு வீட்டுக்கு வரான், அப்புறம் பையன் தானே சொல்றது. தானே சொல்றதுல ஒரு நன்மையும் இருக்கு, புடிபடாத விஷயம் அதுலதான் வரும்.

பசங்க சர்வேல பொய்தானே சொல்வாங்க?

சூழ்நிலை அப்படி இருந்தா சொல்வாங்க. நான் ஆரம்பத்துல வேல பாத்த ஒரு எடத்துல கோச்சே ஃபார்ம குடுத்துட்டு டேபிள் பக்கத்துலயே நின்னாரு, அவரு மேல பசங்களுக்கு உயிரு, எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. அதே கேள்விய அடுத்த வாரம் வேற ஒருத்தர வெச்சு, பேர் இல்லாம, கவர்ல போட்டு ஒட்டிக் குடுக்கச் சொன்னப்போ வந்த பதில் வேற. 'கோச் புடிக்கும், ஆனா அங்க வர்ற ரெண்டு பேருக்குப் பயந்துதான் வரேன்'னு ஒருத்தன் எழுதியிருந்தான். அதப் படிச்சப்போ, இத்தன மாசம் இந்தப் பையன் நம்ம கண்ணு முன்னாடியே இருந்தானேன்னு மனசு ஒடஞ்சு போச்சு.

ரகசியமா வெப்போம்னு சொல்றதுக்கு முன்னாடி எது வரைக்கும்னு சொல்லிடுங்க. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 424ஆம் பிரிவு, கொலை, கொள்ளை மாதிரி குறிப்பிட்ட சில குற்றங்கள் தெரிய வந்தா தகுந்த காரணம் இல்லாம சொல்லாம இருக்கக்கூடாதுன்னு சொல்லுது. அதனால 'என்ன, எங்க, யாரோட'ன்னு தோண்டாம 'போன மூணு மாசத்துல எத்தன தடவ'ன்னு கேக்குறதோட நிறுத்துங்க, விவரம் சொல்ல ஆரம்பிச்சா என்ன ஆகும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். பையனோட நம்பிக்கைய வாங்கிட்டு அப்புறம் ஒடைக்கிறது அந்த டேட்டாவ விட பெரிய நஷ்டம்.

எங்ககிட்ட மொத்தமே 18 பேர். இதுல என்ன ஆராய்ச்சி?

18 பேர்ல ஒருத்தன் மாறுனா 5.6% மாறிடும், அதனால சதவீதம் போடாதீங்க. குற்றம் கொறஞ்சுதான்னு நிரூபிக்கவும் முயற்சி பண்ணாதீங்க. நீங்க பண்றதா சொன்னது நடந்துச்சா, யார் வரல, ஏன் வரல, வழிகாட்டியும் பையனும் மாசத்துக்கு எத்தன தடவ உண்மையிலேயே சந்திச்சாங்க, இத நேர்மையா எழுதுனாலே பெரிய விஷயம். ஒரே மாதிரி புரோகிராம் நடத்துற நாலஞ்சு குழு ஒரே கேள்வித்தாள பயன்படுத்த ஒத்துக்கிட்டா ரெண்டு மூணு வருஷத்துல ஒரு நல்ல எண்ணிக்கை சேரும். இத நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன், தயவுசெஞ்சு யாராவது செய்ங்க.

பாதியிலயே நின்னுபோன பசங்கள கணக்குல சேக்கணுமா?

கண்டிப்பா. முடிச்சவங்கள மட்டும் எண்ணுனா நல்ல பசங்கள மட்டும் பொறுக்கி எண்ணுன மாதிரி ஆயிடும். யார் பேரு ஆரம்பத்துல லிஸ்ட்ல இருந்துச்சோ அத்தன பேரும் கடைசி வரைக்கும் கணக்குல இருக்கணும், ஒரே ஒரு செஷன் வந்தவனா இருந்தாலும் சரி.

எல்லாம் எண்ணிக்கைதானா? அந்தப் பையன் மேடையில ஏறி அழுதுக்கிட்டே சொன்ன கதைக்கு மதிப்பே இல்லையா?

மதிப்பு இருக்கு, ஆனா அது வேற கேள்விக்கு பதில். வேல செஞ்சுச்சாங்கிறதுக்கு கதைய நம்ப முடியாது, 1939 புரோகிராம்ல மூணுல ரெண்டு பேர் நல்லா இருந்துச்சுன்னு சொன்னத மறக்காதீங்க. ஆனா எப்படி வேல செஞ்சுச்சு, எந்த எடத்துல விட்டுப்போச்சுங்கிறத அவன் வாயாலதான் கேக்க முடியும். ஒரு மணி நேரம் தனியா, அவனுக்குப் புடிச்ச எடத்துல, பதில முன்கூட்டியே முடிவு பண்ணாம. நின்னுபோன பையனத் தேடிப் போய்க் கேக்குற ஒரு பேட்டி, முடிச்ச பையன்கிட்ட கேக்குற அஞ்சு பேட்டிக்குச் சமம்.

மேடை ஏத்துறதப் பத்தி என் கருத்து, பதினேழு வயசுப் பையன காசு குடுக்கிறவங்களுக்கு வெக்கிற டின்னர்ல நிக்க வெச்சு அவனோட அசிங்கத்த சொல்ல வெக்காதீங்க. அவனுக்கு முப்பது வயசு ஆகுறப்போ அந்த வீடியோ எங்கயோ இருக்கும்.

நம்ம இந்தியப் பசங்களுக்குன்னு தனியா பாக்கணுமா? எண்ணிக்கையில நம்ம பசங்க அதிகம்ங்கிறாங்களே.

எண்ணிக்கைய இனவாரியா பாக்குறப்போ ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். நம்ம சின்ன சமூகம், சில பத்து பேர் கூடுனாலே விகிதம் துள்ளும். அதோட இனம்ங்கிறது ஒரு காரணம் கெடையாது, அதுக்கு அடியில வருமானம், ஓட்டப்பந்தயம் மாதிரி ரெண்டு ஷிஃப்ட் வேல பாக்குற பெத்தவங்க, அப்பா உள்ள இருக்கிற வீடு, சின்ன வாடகை வீட்டுல ஏழு பேர், இதெல்லாம் இருக்கு. அத அளக்காம இனத்த மட்டும் அளந்தா பசங்க மேல ஒரு முத்திரதான் மிஞ்சும்.

ஆனா கருவி நம்ம வீட்டுக்குப் பொருந்துதான்னு பாக்கணும், இதுல நான் புடிவாதமா இருப்பேன். இங்க இளையரோட ரிஸ்க்க மதிப்பிட ஒய்எல்எஸ் சிஎம்ஐங்கிற கனடாவுல உருவான படிவத்தப் பயன்படுத்துறாங்க, இங்கத்த பசங்ககிட்ட அது சரியா வருதான்னு உள்ளூர் ஆய்வாளர்கள் சோதிச்சுப் பாத்திருக்காங்க, அப்படித்தான் செய்யணும். நம்ம குழுக்கள் இணையத்துல கெடைச்ச படிவத்த அப்படியே தமிழாக்குறப்போதான் பிரச்சின. 'அப்பாவோட நெருக்கமா இருக்கியா'ன்னு கேட்டா பதினாலு வயசுப் பையன் கூச்சத்துல தலையக் குனிஞ்சுடுவான். 'ஒரு பிரச்சினன்னா அப்பாகிட்ட சொல்லுவியா'ன்னு கேட்டா சொல்லிடுவான். நாலு அம்மாகிட்ட, நாலு பையன்கிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டி, என்ன புரிஞ்சுதுன்னு கேட்ட அப்புறம்தான் கேள்விய இறுதி பண்ணணும்.

சுத்திச் சுத்திப் பேசுறீங்க. எதுதான் வேல செய்யுது, அதச் சொல்லுங்க.

நியாயமான கோவம். 1974ல ராபர்ட் மார்ட்டின்சன்ங்கிற ஆய்வாளர், குற்றவாளிகள திருத்துற முயற்சிகளப் பத்தின 231 ஆய்வுகளப் படிச்சுட்டு எழுதுன கட்டுரைய, எதுவுமே வேல செய்யலன்னு உலகம் புடிச்சுக்கிச்சு, மறுவாழ்வுக்குக் காசு குடுக்காம இருக்க அரசாங்கங்களுக்கு அது வசதியாவும் போச்சு. 1979ல அவரே அத திருத்தி எழுதுனாரு, அது அவ்வளவா யார் காதுலயும் விழல. இப்போ தெரிஞ்சது அத விட நம்பிக்கையா இருக்கு.

ரொம்பச் சின்ன வயசுல ஆரம்பிக்கிறது. மிச்சிகன்ல 1960கள்ல 123 ஏழைக் குழந்தைகள பாதிய பாலர் பள்ளிக்கும், வாரா வாரம் ஆசிரியர் வீட்டுக்கு வர்ற திட்டத்துக்கும் எடுத்தாங்க, மத்த பாதிய எடுக்கல. நாப்பது வயசுல பாத்தப்போ அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ கைதானவங்க, எடுக்கப்பட்டவங்கள்ல 36%, எடுக்கப்படாதவங்கள்ல 55%. யாரும் அத குற்றத் தடுப்பு புரோகிராம்னு ஆரம்பிக்கல. இங்க வருமானம் கம்மியான வீட்டுக் குழந்தைகளுக்காக 2016ல ஆரம்பிச்ச கிட்ஸ்டார்ட்ட பாக்குறப்போ எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். இன்னொண்ணு, நிதானிக்கக் கத்துக்குடுக்கிறது. சிகாகோவுல பிகமிங் எ மேன்னு ஒரு பள்ளி புரோகிராம், முதல் நாள் பசங்கள ஜோடியா நிக்க வெச்சு ஒருத்தன் கையில பந்து, இன்னொருத்தன் முப்பது செகண்ட்ல அத வாங்கணும். எல்லாரும் மல்லுக்கட்டுறாங்க. முடிஞ்சதும் வழிகாட்டி கேக்குறாரு, ஏன் யாருமே 'குடு'ன்னு கேக்கல? குலுக்கல் முறையில பாத்த ஆய்வுகள்ல புரோகிராம் நடந்த காலத்துல வன்முறைக் கைது 45லேருந்து 50% வரைக்கும் கொறஞ்சுச்சு. முடிஞ்ச அப்புறம் அந்த விளைவு மங்குனதையும் அதே ஆய்வு சொல்லுது, அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

சிகாகோவுல வேல செஞ்சது நம்ம ஈசூன் பேட்டையில வேல செய்யுமா?

தானா செய்யாது. மல்டிசிஸ்டமிக் தெரபின்னு ஒரு முறை, தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து குடும்பம், பள்ளி, நண்பர்கள் எல்லாத்தையும் சேத்துப் பாப்பாரு. நார்வேயில நல்ல விளைவு, பக்கத்துலயே இருக்கிற சுவீடன்ல 2008ல வந்த ஆய்வுல வழக்கமான சேவைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியல. சொல்லப்பட்ட விளக்கங்கள்ல ஒண்ணு, சுவீடன்ல அந்த வழக்கமான சேவையே நல்லா இருந்துச்சுங்கிறது. எதோட ஒப்பிடுறோம்ங்கிற முதல் கேள்வி இங்கயும் வந்து நிக்குது. இங்க பள்ளியில கவுன்சலர், பேட்டைக்குப் பேட்டை குடும்ப சேவை நிலையம் எல்லாம் ஏற்கனவே இருக்கு, அதுக்கு மேல நம்ம புரோகிராம் என்ன சேக்குதுன்னு கேக்கணும்.

ரிசல்ட் நல்லா வரலன்னா ஃபண்டிங் போயிடும். ரிப்போர்ட்ட கொஞ்சம் பாத்து எழுதலாமா அக்கா?

இத மெதுவா காதுல கேப்பாங்க, கேக்குறவங்க கெட்டவங்க இல்ல, ரெண்டு ஊழியரோட சம்பளம் அந்தக் காசுலதான் இருக்கும். ஆனா எழுதக்கூடாது. எத அளப்போம்ங்கிறத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி, காசு குடுக்கிறவங்ககிட்டயும் குடுத்துடுங்க, அப்புறம் பத்து விஷயத்த அளந்து நல்லா வந்த ஒண்ண மட்டும் காட்டுற ஆசை வராது. காசு குடுக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், வருகை எண்ணிக்கைய வெச்சுக் காசுன்னு சொன்னீங்கன்னா பிரச்சினையுள்ள பையன மெதுவா ஒதுக்கிட்டு சொன்ன பேச்சக் கேக்குற பையனா சேப்பாங்க. ஒரு எண்ணிக்கைய வெச்சு முடிவெடுக்க ஆரம்பிச்சா அந்த எண்ணிக்கையே கெட்டுப்போகும்னு மேல வந்த அதே காம்ப்பெல் எழுதி வெச்சிருக்காரு. 'முதல் வருஷம் இது வரல, ஏன்னு கண்டுபிடிச்சு இத மாத்துனோம்'னு எழுதுற ரிப்போர்ட்டுக்கு நான் உக்காந்து உதவி பண்ணியிருக்கேன், திரும்பவும் பண்ணுவேன்.

அக்கா, நீங்க எங்கள ஆராய்ச்சி பண்றீங்களா?

இது ஒரு பதினஞ்சு வயசுப் பையன் கேட்டது, அவனுக்குச் சொன்னதையே இங்க எழுதுறேன். ஆமா தம்பி, பண்றோம். உன்ன இல்ல, நாங்க நடத்துற இந்த புரோகிராம. நீ எழுதுற பேப்பர்ல உன் பேர் இருக்காது, ஒரு நம்பர் இருக்கும், நம்பருக்கும் பேருக்கும் உள்ள லிஸ்ட் ஒருத்தர்கிட்ட பூட்டி இருக்கும், கோச் பாக்க முடியாது, உன் ஸ்கூலுக்குப் போகாது. அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் நீ வேண்டாம்னா வேண்டாம்தான், அதுக்காக உன்ன டீம்லேருந்து எடுக்க மாட்டாங்க. முடிஞ்சதும் என்ன தெரிஞ்சுதுன்னு மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோம்.

கொஞ்ச நேரம் யோசிச்சான். 'நல்லா இல்லன்னு எழுதுனா மாத்துவீங்களா?'ன்னு கேட்டான். நான் கோச்சப் பாத்தேன், அவரு தலைய ஆட்டுனாரு. அதுக்கு அப்புறம்தான் பேனாவ வாங்கிட்டு, முதுகக் காட்டி உக்காந்து எழுத ஆரம்பிச்சான்.